பிளந்த ஈத்தல்

தெற்கு மலையில் ஐந்து குடில்கள் கொண்ட ஒரு மடம். அதன் தலைவர் அருளம்பல அடிகள். சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி. தேயிலைத் தோட்டத்தில் மழையளவு குறிக்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். குருவைவிட நான்கு வயது பெரியவர்.

மடத்துக்குப் பின்னால் ஈத்தல் காடு. ஈத்தல் என்பது ஒருவகை மெல்லிய மூங்கில். கூரைக்கு அதைத்தான் வெட்டுவார்கள். அடிகள் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார்.

"முழுதாக நிற்பதைத் தொடாதீர்கள். தானாகப் பிளந்ததை மட்டும் எடுங்கள். நல்லது வாழட்டும்."

அந்தக் காட்டில் கட்டைவிரல் நுனியளவு பச்சைத் தவளை ஒன்று உண்டு. அதைத் தேடி வந்த ஆராய்ச்சிக்காரர்கள் இருவர், இந்த ஒரு மலையைத் தவிர வேறெங்கும் அதைப் பார்க்கவில்லை என்றார்கள். அது முதல் மாசிலாமணி ஒவ்வோர் ஆனியிலும் மழைவிட்ட மாலையில் அதன் குரல்களை எண்ணினார். முதல் ஆண்டு முப்பத்தொன்று. ஏழாம் ஆண்டு நான்கு.

"நாம் என்ன கெடுதல் செய்தோம் சாமி?"

"தெரியவில்லை. எண்ணிக்கொண்டே இரும்."

அடுத்த வாரம் மாசிலாமணி கூரைக்கு வெட்டப் போனார். எல்லாம் பிளந்தவை. இருபத்துமூன்று சேர்ந்தன. கூடைக்கு ஈத்தல் வெட்ட வந்திருந்த, மலைக்குடியான காணிக்காரப் பெண் செல்லக்கனி நின்று பார்த்தாள்.

"சாமிமாருக்கு ஓட்ட மேல அப்பிடி என்ன ஆச? நாங்க தொடவே மாட்டோம். கூடைக்கு ஆவாது."

"நல்லதை வாழ விடுகிறோம் அம்மா."

"அதுசரி. ஓட்டைக்குள்ள குடியிருக்கவன் என்ன பாவம் பண்ணுனான்?"

மாசிலாமணியின் அரிவாள் நின்றது.

"யார் குடியிருக்கிறது?"

"எட்டித்தான் பாருங்களேன். கண்ணு இருக்குல்லா?"

ஒவ்வொன்றாக எடுத்துப் பிளவில் கண்ணை வைத்தார். பத்தொன்பதாவதில், உட்சுவரில் ஆறு வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் பச்சைத் தவளை.

"அது அப்பன்காரன். குஞ்சு வெளிய வாற வரைக்கும் அங்கதான் கெடப்பான்" என்றாள் செல்லக்கனி.

வெட்டுப்பட்டும் அது ஓடியிருக்கவில்லை.

அந்த ஈத்தலை இரு கைகளிலும் ஏந்தி மடத்துக்கு வந்து, குருவின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார் மாசிலாமணி.

"ஏழு வருடத்தில் நூற்றெழுபதுக்கு மேல் வெட்டினேன் சாமி. ஒருமுறைகூட உள்ளே பார்க்கவில்லை. எனக்கு என்ன பிராயச்சித்தம்?"

அடிகள் பிளவுக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பிளவு எந்தத் திசையில் இருந்தது?"

"கிழக்கு."

"தரையிலிருந்து எவ்வளவு உயரம்?"

"ஒரு முழம் நான்கு விரல்."

அடிகள் கொடியில் காய்ந்த தம் மேல்துண்டை எடுத்துக் கிழித்தபடி காட்டை நோக்கி நடந்தார். வெட்டிய அடிக்கட்டையைக் கண்டுபிடித்து, ஈத்தலை அதன்மேல் நிறுத்திக் கட்டத் தொடங்கினார்.

"சாமி, பிராயச்சித்தம் கேட்டேனே."

"அசையாமல் பிடியும். ஆடுகிறது."

வேரற்ற ஈத்தல் காய்ந்தால் முட்டையும் காயும். அதனால் காலையும் மாலையும் இருவரும் மாறி மாறித் தண்ணீர் தெளித்தார்கள். ஒன்பதாம் நாள் ஒரு முட்டை கறுத்தது. அன்று மாசிலாமணி சாப்பிடவில்லை. பதினான்காம் நாள் மாலை அப்பனைக் காணவில்லை. மறுநாள் விடியலில் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் காலை, பிளவின் விளிம்பில் மிளகளவு ஒன்று வந்து நின்றது. வாலில்லை. முழுத் தவளை. அது இலைக்குத் தாவியது. பிறகு இன்னொன்று.

மாசிலாமணி மூச்சை அடக்கிக்கொண்டு கடைசிவரை எண்ணினார். பிறகு ஈரத்தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஐந்து சாமி! ஐந்தும் பிழைத்தன!"

"அப்பனைச் சேர்த்து ஆறு. உம் கணக்குத் தப்பி இன்றுதான் பார்க்கிறேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மாசிலாமணி கேட்டார்:

"இனி ஈத்தல் வெட்டப் போகிறவர்களிடம் என்ன சொல்ல?"

"அடிகள் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லும்."

"அப்படியே சொன்னால் உங்கள் வாக்கில் நம்பிக்கை போய்விடுமே சாமி?"

"போகட்டும். உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்."