மீசை வைத்த மாத்திரை

பிரஷர் மாத்திரை செய்யும் கம்பெனி ஒன்றுக்கு முதலாளி கோதண்டபாணி. முறுக்கிய மீசையோடு தன் முகம் போலவே மாத்திரை வர வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை கிளம்பிவிட்டது. அதற்கு அச்சும் செய்து கொண்டுவந்துவிட்டார். மாட்டிக்கொண்டவள் மெஷின் ஓட்டும் சிவகாமி.

மருந்துத் தூளை அச்சில் அழுத்தி எடுத்தால் முகம் அழகாகத்தான் வந்தது. மேல்பூச்சுக்காக உருளையில் போட்டுச் சுற்றினால், ஒன்றோடொன்று மோதி மீசை முனையெல்லாம் உதிர்ந்துபோனது. திரும்பத் திரும்ப இதே பாடு. உதிர்ந்ததை அள்ளிக் கொட்டியே அவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

"மீசை இல்லாம ஒரு மாத்திரை வந்தாலும், நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராதே," என்றார் முதலாளி.

சிவகாமிக்குப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் குரலைத் தாழ்த்தியே கேட்டாள்.

"மீசைய எப்படியாவது நிக்க வச்சிடறேங்கய்யா. நடுக்கோடு எங்க போடணும்னு மட்டும் சொல்லிடுங்க."

"என்ன கோடு?"

"காலையில அரை, ராத்திரி அரைன்னுதானே டாக்டருங்க எழுதிக் கொடுக்கறாங்க. உடைக்கிறதுக்குக் கோடு வேணுமில்லீங்களா? மூக்குக்குக் குறுக்கே போடவா, நெத்தியிலேர்ந்து நெடுக்கப் போடவா? உங்க வீட்டம்மாவும் நம்ம மாத்திரையத்தான் அரை அரையா சாப்பிடறாங்க. உங்கள எங்க உடைச்சா வசதின்னு அவங்களையே கேட்டுடட்டுமா?"

முதலாளியின் கை தானாக மூக்கைத் தடவியது.

"மாத்திரைய பழையபடி வட்டமாவே போட்டுத் தொலை," என்றார்.