ஓடத்துக்கு யார் ராஜா?

ரொம்பக் காலத்துக்கு முன்னே, பூவேழி ஆற்றின் இரண்டு கரையையும் வல்லபமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலைக்குள் அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவான். அவனுடைய மந்திரி இளநாகர். ராஜாவின் கோபம் தணியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். அதனால்தான் இத்தனை வருஷம் அந்தப் பதவியில் தாக்குப்பிடித்தார்.

ஆற்றில் ஓடம் விடுவது அந்தந்த ஊர்ச்சபையின் பொறுப்பு. இக்கரை மருதூருக்கும் அக்கரை வேலங்குடிக்கும் ஆகாது. அதனால் மருதூர் ஓடம் நடு ஆறு வரைதான் போகும். அங்கே வேலங்குடி ஓடம் வந்து நிற்கும். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இதிலிருந்து அதற்குத் தாவ வேண்டும். ஆடுகள்கூடப் பழகிப்போய்த் தாவின. வேட்டைக்குப் போன ராஜாவும் ஒருநாள் தாவினான். ஆடு அளவுக்கு அவனுக்கு வரவில்லை.

தலையில் பாசியோடு அரண்மனைக்கு வந்தவன், "இனிமேல் எந்த ஊருக்கும் ஓடத்தில் அதிகாரம் கிடையாது. எல்லா ஓடமும் அரண்மனைக்கே!" என்று கத்தினான்.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் உத்தண்டராயர். அவர் முன்னால் வந்து குனிந்தார். "நாட்டின் ஓடமெல்லாம் ஒரே கையில் இருக்க வேண்டும், பிரபு. அந்தக் கை அடியேனுடையதாக இருந்தால் பாக்கியம்."

அன்றே அவர் ஓடநாயகம் ஆனார். தலைநகரிலிருந்து தன் முத்திரை வந்தால்தான் எந்த ஓடமும் நகர வேண்டும் என்று உத்தரவு போட்டார். முத்திரை வருவதற்குள் வெற்றிலைக் கட்டு வாடியது. பெண் இக்கரையிலும் மாப்பிள்ளை அக்கரையிலும் நிற்க, முகூர்த்தம் தாண்டிப்போனது. ராயர் கவலைப்படவில்லை. அவர் ஆற்றைப் பார்த்ததே பல்லக்குத் திரை இடுக்கு வழியாகத்தான்.

இளநாகர் மெதுவாக ராஜாவிடம் எடுத்துச் சொன்னார்.

"அப்படியானால் மறுபடியும் என்னைத் தாவச் சொல்கிறீரா?" என்றான் ராஜா.

"இல்லை மகாராஜா. துறையில் நிற்பவனிடம் விட வேண்டியது கொஞ்சம் இருக்கிறது என்கிறேன்."

ராயர் சிரித்தார். "மந்திரியாருக்கு வயசாகிவிட்டது, பிரபு."

"வரும் பௌர்ணமிக்குள் நிரூபித்துக் காட்டும். இல்லாவிட்டால் உமது ஆசனத்தில் ராயர் உட்காருவார்" என்றான் ராஜா.

 இளநாகருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. பிறகு ஏதோ தோன்ற, நேரே ராயர் வீட்டுக்கே போனார்.

"பிரமாதமான சட்டம், ராயரே. ஒரே ஒரு ஓட்டை. எவனாவது கிரீடத்தை மாட்டிக்கொண்டு வந்து, 'நான்தான் ராஜா, ஓடத்தை எடு' என்றால்?"

ராயர் பதறிப்போனார். 'ராஜா என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும், முத்திரை இல்லாமல் ஓடத்தை எடுக்கக் கூடாது' என்று உடனே ஒரு வரி சேர்த்தார். ராஜா வழக்கம்போலப் படிக்காமல் ஒப்பமிட்டான்.

அந்த வாரம் ராணி கோதைநாச்சி தாய்வீட்டிலிருந்து திரும்பி வேலங்குடித் துறைக்கு வந்தாள். எதிர்கொண்டு அழைக்க ராஜா மேளதாளத்தோடு மருதூர்த் துறைக்கு வந்தான். பின்னால் இளநாகர். ராணிக்கு எதற்கு முத்திரை என்று ராயர் சும்மா இருந்துவிட்டார்.

"ஓடத்தை எடு" என்றான் ராஜா.

ஓடக்காரன் முத்திருளன் கும்பிட்டான். "மன்னிக்கணும் சாமி. ராஜான்னு யார் வந்து சொன்னாலும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"அடேய், நான் நிஜ ராஜா!"

"போலி ராஜாவும் அப்படித்தானே சாமி சொல்லுவான்?"

அக்கரையிலிருந்து ராணியின் குரல் தண்ணீர்மேல் வந்தது. "அங்கே என்ன பேச்சு? நான் வெயிலில் காய்வது தெரியவில்லையா? இப்படியே அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகட்டுமா?"

ராஜாவுக்கு வியர்த்தது. ராயரை அழைத்துவரக் குதிரை பறந்தது. உச்சி வெயிலில் ராயர் மூச்சு வாங்க வந்து முத்திரையை நீட்டினார். "நேராகப் போடா!"

"மலையில மழைங்க. நடுவுல சுழல் கிடக்கு. மேலே ஏறி வளைச்சுத்தான் போகணும்."

"ஓடநாயகம் நீயா, நானா?"

"நீங்கதான். அப்போ நீங்களும் ஏறிக்குங்க."

"ஏறும் ராயரே" என்றான் ராஜா.

நடு ஆற்றில் ஓடம் பம்பரமாகச் சுற்றியது. ராயர் முத்திருளனின் காலைக் கட்டிக்கொண்டார். "வளைச்சுப் போ! எப்படி வேண்டுமானாலும் போ!"

"முத்திரை போட்டுக் கொடுங்க ஐயா, போறேன்" என்றான் அவன். ராயர் அலறியதில் இரக்கப்பட்டு, கழியை ஊன்றித் தள்ளி அக்கரை சேர்த்தான்.

கரையில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போதும்! ஓடத்தையெல்லாம் ஊர்களுக்கே கொடுத்துவிடுங்கள்."

"ஐயோ, வேண்டாம் மகாராஜா" என்று இளநாகர் குறுக்கே வந்தார். "நாளைக்கே நடு ஆற்றில் தாவ வேண்டியிருக்கும். எப்போது எடுப்பது, எந்த வழியில் போவது என்பதை ஊர்ச்சபை சொல்லட்டும். எந்த ஊர்க்காரன் ஏறினாலும் மறுகரை வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது உங்கள் சட்டமாக இருக்கட்டும். அதை மீறுகிற ஊரை நீங்கள் கேளுங்கள்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். மழைக்காலம் முடியும்வரை ராயர் இந்தத் துறையிலேயே நின்று, ஏறி இறங்குபவர்களுக்குக் கைகொடுக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னான்.

அதற்குள் ராணியையும் ராயரையும் ஏற்றிக்கொண்டு ஓடம் திரும்பியது. ராணி முகம் சிவக்க இறங்கினாள். "யார் போட்ட சட்டம் இது?"

எல்லாரும் ராயரைப் பார்த்தார்கள். நனைந்துபோயிருந்த ராயர், "சட்டம் என்னுடையதுதான், தாயே. ராஜாவே கேட்டாலும் எடுக்காதே என்ற வரியை மட்டும் சொல்லிக்கொடுத்தது மந்திரியார்" என்றார்.

"அப்படியா இளநாகரே? உம்முடைய வழக்கு ஜெயிக்க என்னை வெயிலில் காயப்போட்டீரா?"

 மந்திரி முத்துமாலையைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். ராணி அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பல்லக்கில் ஏறினாள்.

அரண்மனை போய்ச் சேரும்வரை ராஜா மந்திரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.