காசில்லாமல் நடந்த ஆராய்ச்சி

வெகு காலத்துக்கு முன்னால், கருவாறு என்ற ஆறு குறுக்கே ஓடும் நாடு ஒன்றை மருதவேளன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. கடைசியாகக் காதில் விழுந்ததே வேதம். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தான் ஓடத்துறை அதிகாரி அரங்கநம்பி. ஓட முதலாளிகள் வீட்டு விருந்து ஒன்றையும் தவறவிடாத மனிதன்.

ஆற்றுக்குப் பாலம் கட்ட மூன்று தடவை கஜானாவிலிருந்து பணம் போனது. பாலம் வரவில்லை. அக்கரையிலிருந்து தயிர் விற்க வரும் மாடாத்தி ஒருநாள் சபைக்கே வந்துவிட்டாள்.

"ராசா, வெள்ளம் வந்தா ஓடம் ஆடுற ஆட்டத்துல உசுரு கையில இல்ல. எம் புருசனும் நானும் தெனமும் அதுலதான் வாறோம். பாலம் எப்பக் கட்டுவீக?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி குழைக்காதர் புத்திக்கூர்மைக்குப் பேர்போனவர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"மகாராஜா, போன பணம் எங்கே போனது, பாலம் வேண்டாம் என்று நினைப்பது யார், நம் உத்தரவுகளை எழுதும் கையை யார் பிடித்திருக்கிறார்கள், இதையெல்லாம் ஆராய வேண்டும். படித்த பிள்ளைகள் நாலு பேரை வைத்துக்கொள்ளக் கொஞ்சம் நிதி ஒதுக்குங்கள்."

அரங்கநம்பி சிரித்தான். "திருட்டை ஆராயவும் பணமா? அந்தப் பணத்தைத் தின்றவர் யார் என்று ஆராய, அப்புறம் இன்னொரு நிதி கேட்பாரே மந்திரி."

சபையே சிரித்தது. அவன் விடவில்லை. "நிதிதானே வேண்டும்? ஓட முதலாளிகள் தாராள மனசுக்காரர்கள். கேட்டால் அவர்களே கொடுப்பார்கள்."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று என்னை இருக்கச் சொல்கிறீர். அந்தத் தொழில் உமக்கல்லவா கைவந்தது" என்றார் குழைக்காதர்.

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "குழைக்காதரே, கஜானாவிலிருந்து ஒரு காசு கிடையாது. காசில்லாமல் கண்டுபிடித்துக் காட்டும். அப்போது ஒப்புக்கொள்கிறேன், நீர் புத்திசாலி என்று."

அங்கேயே மந்திரி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சவால் என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அன்று மாலை ராஜாவைத் தனியே பார்த்தார். "எனக்குக் காசு வேண்டாம் மகாராஜா. பௌர்ணமி வரைக்கும் தங்கள் வாயைக் கடன் கொடுங்கள். தொண்டைக்கட்டு என்று சொல்லிவிட்டுச் சபையில் சும்மா உட்காருங்கள். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, ஓலையில் முத்திரை வைக்கக் கூடாது. தாங்கள் உத்தரவே போடாதபோதும் உத்தரவு வந்தால், அதைப் போடுகிறவன்தானே இந்த நாட்டை ஆள்கிறவன்?"

மறுநாள் ராஜா கழுத்தில் மிளகுப் பற்றுப் போட்டுத் துணி சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். காது அரித்தது, சொறிந்தான். "ஓடக் கூலியை ஏற்றச் சொல்கிறார் மன்னர்" என்றான் அரங்கநம்பி. ஊரில் முரசு அறைந்தார்கள். இன்னொரு நாள் ராஜா கொட்டாவி விட்டான். "பாலத்துக்கு வெட்டிய கல்லையெல்லாம் ஓட முதலாளிகளுக்கு விற்றுவிடச் சொல்கிறார்." அதற்கும் முரசு. ராஜா சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டான். மந்திரிக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மழை பிடித்தது. ஆறு ஏறியது. ஓடத்தின் பக்கப் பலகையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டால் மேற்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. அன்றைக்கு ராஜா கால் மாற்றி உட்கார்ந்தான். "அந்தச் சிவப்புக் கோட்டை அழித்துவிடச் சொல்கிறார் மன்னர்" என்றான் அரங்கநம்பி.

ராஜாவின் முகம் மாறியது. மந்திரியைப் பார்த்தான். பௌர்ணமிக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, கனியப்போகும் பழத்தைப் பிஞ்சிலேயே பறிப்பானேன் என்று நினைத்தார் குழைக்காதர். பொறுங்கள் என்று கண்ணால் சொன்னார். ராஜா பொறுத்தான். முரசு அறைந்து கோட்டை அழித்தார்கள்.

சந்தை நாளன்று, கொள்ளுமட்டும் ஆளை ஏற்றிக்கொண்டு போன ஓடம் நடு ஆற்றில் கவிழ்ந்தது. மாடாத்தி தயிர்ப்பானையைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கினாள். அவள் புருஷன் இசக்கி ஒதுங்கவில்லை. இன்னும் பலர் ஒதுங்கவில்லை.

ராஜா கழுத்துத் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சபைக்கு வந்தான். "அரங்கநம்பி, இத்தனை நாளும் நான் பேசவில்லை, ஒரு சைகை காட்டவில்லை. இந்த உத்தரவெல்லாம் யார் வீட்டில் பிறந்தவை?"

"மன்னர் மனசை அறிந்து..." என்று இழுத்தான் அவன்.

"காது அரித்தால் கூலி ஏறுமா? முதலாளி வீட்டு விருந்தில் எழுதியதற்கு என் காது கையெழுத்தா?"

அரங்கநம்பியின் தலைப்பாகையைக் கழற்றினார்கள். ஓட முதலாளிகளின் சொத்திலிருந்தே பாலம், அதற்குக் கல் சுமப்பவன் அரங்கநம்பி என்று தீர்ப்பானது. ராஜா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். "நீர் ஜெயித்தீர். ஒரு காசு செலவில்லாமல் கண்டுபிடித்துவிட்டீர்."

தூணருகே ஈரச் சேலையோடு மாடாத்தி நின்றிருந்தாள்.

"ராசா, ஓடத்துச் செவப்புக் கோட்ட அழிக்கணும்னு முரசு அடிச்சப்ப, அது உங்க உத்தரவு இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் ராஜா.

"மந்திரி சாமிக்கு?"

"தெரியும் தாயே" என்றார் குழைக்காதர். "உண்மை முழுசாக வெளியே வரட்டும் என்று..."

"அந்த உண்ம எனக்குத் தெரியும் சாமி. அக்கரையில சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்க ரெண்டு பேருக்கு வெளங்குறதுக்கா எம் புருசன் போனாரு? செலவில்லேன்னு சொல்லுதீக. செலவு பண்ணுனது நாங்கல்லா."

சங்கிலியை வாங்க மந்திரியின் கை நீளவில்லை. ராஜாவும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு, இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கென்று வருஷந்தோறும் கஜானாவிலிருந்து பணம் ஒதுக்கினார்கள். நாலு பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். யார் உயிரும் போகாமலே பல களவுகள் வெளியே வந்தன. அதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பாலமும் வந்தது. மாடாத்தி அதன் மேல் நடந்துதான் தயிர் விற்க வருவாள். எதிரே குழைக்காதர் வந்தால் ஒதுங்கி நின்று கும்பிடுவார். அவள் பானையை இறக்காமல் போய்விடுவாள்.