சின்னாம்பதி ஆபீசுக்குப் போன் வந்த கதை

எங்கள் சின்னாம்பதிக்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதி உண்மை இன்னும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

எட்டாததில் ஒன்றைச் சொல்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் கயிறு திரிக்கிற ஊர் எங்களுடையது. கயிற்றுக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு ஆபீஸ், ஆபீசுக்கு நான்கு பேர். தனி அறையில் செக்ரட்டரி சென்னியப்பன். ஹாலில் ஹெட்கிளார்க் நாச்சிமுத்து. அவருக்கு எதிர் மேசையில் கணக்குப் பார்க்கிற தெய்வாத்தாள். பின்னால் குடோனில் குழந்தைவேலு. பெயரில்தான் குழந்தை, ஆளுக்கு அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட்.

எங்கள் ஊரில் அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மரியாதைக்குப் பஞ்சம் என்று எவனும் சொல்லிவிட முடியாது. யாரிடம் எது செய்வதானாலும் முதலில் நேரில் போய்ச் சொல்லிவிடுவோம். வந்தவர் கிளம்பினால் அவர் இடம் வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வருவோம். மாமனாருக்குக் கடிதம் எழுதுகிறவர்கூட முந்தின நாளே போய், "நாளைக்கு உங்களுக்கு ஒரு கடுதாசி போடறனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்து எழுதுவார்.

இப்படிப்பட்ட ஆபீசுக்கு இன்டர்காம் வைக்கச் சொல்லி மாவட்டத் தலைமை ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. ஆளுக்கொரு போன், வெளியே பேச ஒரு லைன். கூடவே அங்கிருக்கும் தலைவர் கதிர்வேல்சாமி ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானே போன் பண்ணுவேன். எடுத்து ஒழுங்காப் பதில் சொன்னா ஆபீஸ் அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா இழுத்து மூடிட்டு ஆலம்பாடி ஆபீசோட சேர்த்துருவேன்."

இதைக் கேட்டு மற்ற மூவருக்கும் கவலைதான். நாச்சிமுத்துவுக்கோ சோறே இறங்கவில்லை. ஏனென்றால் ஆலம்பாடி ஆபீசில் பெரிய மேசைக்குச் சொந்தக்காரன் துரைசாமி. நாச்சிமுத்துவின் மச்சினன், பெண்டாட்டிக்குத் தம்பி. அவனுக்கு மூக்கு ஒழுகிய காலத்தில் துடைத்துவிட்டவர் இவர். கல்யாணப் பந்தியில் இரண்டாவது லட்டு கேட்டான் என்று தலையில் குட்டியவரும் இவரே. அந்தத் துரைசாமிக்கு முன்னால் போய் நின்று, "அரை நாள் லீவு வேணுங்க" என்று கேட்பதா? அதற்குக் கயிறு திரிக்கப் போய்விடலாம் என்று நாச்சிமுத்து நினைத்தார். பிறகுதான் தனக்குக் கயிறு திரிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

புதன்கிழமை மெக்கானிக் பெஞ்சமின் வந்து நான்கு போன்களையும் மாட்டினார். போகும்போது பொறுமையாகச் சொன்னார். "ஒவ்வொரு போன்ல இருந்தும் மத்த எல்லாப் போனுக்கும் போட்டுப் பாத்துருங்க. மூணு தடவை மணி அடிச்சதும் எடுக்கணும். எடுத்ததும் வணக்கம் சொல்லி ஆபீஸ் பேரைச் சொல்லணும். தூரத்துல இருந்து வர்ற போன்னா மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க." பஸ் ஸ்டாண்டு வரை போய் நான்கு பேரும் அவரை வழியனுப்பினார்கள். அவர் வந்தது பைக்கில். மரியாதையை மீற முடியாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

திரும்பி வந்ததும் நாச்சிமுத்து சோதனையை ஆரம்பித்தார். முதல் போன் செக்ரட்டரிக்கு. எழுந்து போய் அறை வாசலில் நின்றார்.

"சார், உங்களுக்கு ஒரு போன் பண்ணலாம்னு இருக்கறனுங்க."

"தாராளமாப் பண்ணுங்க நாச்சிமுத்து. இதுக்குப் போயி கேக்கோணுங்களா?" என்று சொல்லிய செக்ரட்டரி, வந்தவரைத் தனியே அனுப்ப மனசில்லாமல் அவர் மேசை வரைக்கும் கூடவே வந்தார். நாச்சிமுத்து ரிசீவரை எடுத்து நம்பரை அமுக்கினார். செக்ரட்டரியின் அறையில் மணி அடித்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார்கள்.

"அடிக்குதுங்க சார்."

"நல்லா அடிக்குது. ஆனா யாரும் எடுக்கறதில்லையே."

"ஒருவேளை வெளியே எங்காச்சும் போயிருப்பீங்களோ என்னமோ."

"இருக்கும், இருக்கும். காலையில இருந்தே எனக்கு ஏகப்பட்ட வேலை."

இன்னும் மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் செக்ரட்டரி அறையில் இல்லை. போன் பழுது என்று முடிவானது. நாச்சிமுத்துவின் கண் முன்னால் துரைசாமி ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டினான்.

தெய்வாத்தாளுக்குத்தான் யோசனை வந்தது. "அண்ணா, சாரு அறையில வேற யாரையாச்சும் நிறுத்துனா என்னங்க?" குழந்தைவேலுவை அழைத்துவந்து அங்கே நிறுத்தினார்கள். மறுபடியும் மணி அடித்தது. குழந்தைவேலு போனைப் பார்த்தார். செக்ரட்டரியுடைய போன். அதை ஒரு குடோன்காரன் தொடுவதா? வேஷ்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தார்.

"சார், உங்களுக்குப் போன் வந்திருக்குதுங்க!"

"யாரு?"

"நாச்சிமுத்து அண்ணனாட்ட இருக்குதுங்க."

செக்ரட்டரி பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் போன் பண்ணுனீங்களா?"

"ஆமாங்க சார்."

"என்ன விசயமுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. போன் வேலை செய்யுதான்னு கேக்கத்தானுங்க."

"செய்யுது. வெச்சுருங்க."

நாச்சிமுத்து வைத்தார். முதல் போன் சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

தெய்வாத்தாளின் போனில் வேறு சிக்கல். அவர் கணக்குப் பார்க்கிறவர், பைசா பிசகாது. நாச்சிமுத்து தவறுதலாக இரண்டு தடவை மணி அடித்ததுமே ரிசீவரை வைத்துவிட்டார். திரும்பப் போட்டபோது முதல் மணிக்கே தெய்வாத்தாள் எடுத்துவிட்டார்.

"அம்மிணி, மூணு அடிச்சப்புறம் எடுக்கோணும்னாரே?"

"முன்னாடி ரெண்டு அடிச்சதுங்கண்ணா. இப்ப ஒண்ணு. மூணாச்சுங்களே."

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. இத்தனை சூட்டிகையான ஆட்களை வைத்துக்கொண்டா மச்சினனுக்குப் பயந்தோம் என்று அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக வந்தது.

கடைசியில் குடோன் போன். அது தூரம் என்பதால் சத்தமாகப் பேச வேண்டும் அல்லவா? நாச்சிமுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "கொழந்தவேலூ! கேக்குதாப்பா?" குடோன் ஜன்னல் வழியாகக் குழந்தைவேலுவின் குரல் வந்தது. "அருமையாக் கேக்குதுங்கண்ணா! ரிசீவரை இன்னும் எடுக்கவே இல்லீங்க, அதுக்குள்ளயே கேக்குதுங்க!" மெக்கானிக் பெஞ்சமின் கெட்டிக்காரர் என்று செக்ரட்டரி மெச்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் செக்ரட்டரியின் அறையில் நான்கு பேரும் கூடினார்கள். நாச்சிமுத்து தொண்டையைக் கனைத்தார். குரல் பாதிதான் வந்தது, மீதி குடோனோடு போய்விட்டிருந்தது.

"சார், எனக்கொரு சந்தேகமுங்க. குடோனுக்கே இந்தக் கத்துக் கத்த வேண்டியிருக்குது. தலைவரு இருக்கறது ஜில்லாத் தலைநகர்ல. அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கத்துறதுங்க?"

"கத்திப்போடலாமுங்க. நாலு பேரும் சேர்ந்து கத்தலாம்" என்றார் குழந்தைவேலு.

"கத்துறது பெருசில்லப்பா. தலைவரைப் பாத்துக் கத்தலாமா? அதான் விசயம்."

இத்தனை நாளில் இது யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்கே பெரிய மனிதர் போன் பண்ணுகிறார், எடுத்த எடுப்பில் கீழே வேலை செய்கிறவன் அவர் காதில் கத்துகிறான். இதைவிட வேறென்ன வேண்டும், ஆபீசை மூட?

செக்ரட்டரி நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். "முன்கூட்டியே போயிச் சொல்லிப்போட்டு வந்துட்டா? 'ஐயா, நாங்க கத்துறது உங்க மேல இல்லீங்க, தூரத்து மேல' அப்படின்னு?"

"அதுதானுங்க முறை" என்றார் தெய்வாத்தாள்.

"காலையில ஒன்பதரை பஸ்ஸுக்குப் போலாம். பதினோரு மணிக்குள்ள சொல்லிப்போடலாம்" என்றார் நாச்சிமுத்து. அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

குழந்தைவேலு தலையைச் சொறிந்தார். "ஆபீசுல ஒருத்தராச்சும் இருக்க வேண்டாமுங்களா?"

"இருக்கலாம். வராதவங்க தலைவரை மதிக்கலைன்னு ஆயிரும். யாரு மதிக்காம இருக்கறீங்க, சொல்லுங்க." செக்ரட்டரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் முன்வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசைப் பூட்டிவிட்டு நான்கு பேரும் பஸ் ஏறினார்கள். ரயில்வே கேட்டில் பஸ் மாட்டிக்கொண்டது. நாச்சிமுத்து இருப்புக்கொள்ளாமல் டிரைவருக்குப் பின்னால் போய் நின்று, உட்கார்ந்து, எழுந்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கினார். தலைமை ஆபீஸ் படியை மூச்சிரைக்க ஏறும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

உள்ளே தலைவர் கதிர்வேல்சாமி ரிசீவரைக் காதில் வைத்தபடி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"யாருய்யா அது? எங்கிருந்து வர்றீங்க?"

"சின்னாம்பதி ஆபீசுங்கய்யா."

"வாங்க, வாங்க. உங்களுக்குத்தான் போட்டுட்டு இருக்கறேன். மணி அடிக்குது, ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கறான்!"

நாச்சிமுத்துவுக்குக் குப்பென்று வேர்த்தது. ஆபீஸ் பூட்டியிருக்கிறது, உள்ளே ஈ காக்கை இல்லை, அப்படியும் தலைவர் போனை எடுக்காமல் இப்படி மானத்தை வாங்குவது யார்? "அநியாயமா இருக்குதுங்கய்யா. எவன்னு தெரிஞ்சா நாங்களே சும்மா விட மாட்டமுங்க" என்றார் தழுதழுத்து.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். தலைவர் பெரிய படிப்புப் படித்தவர்தான், நாலு ஊர் பார்த்தவர்தான். ஆனால் அவர் அம்மா பிறந்த ஊர் எங்கள் சின்னாம்பதி.

"சரி, சரி, பதறாதீங்க. நீங்க போயி எடுங்க, நான் பேசறேன்" என்றார் தலைவர். எடுக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கிற பட்டன் ஒன்று அவர் போனில் இருந்தது. அதை அமுக்கி, ரிசீவரை மேசைமேல் சாய்த்து வைத்தார். பிறகு, அத்தனை தூரம் வந்தவர்களைத் தனியே அனுப்பலாமா என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் கிளம்புகிற நேரத்தில் மனசு கேட்காமல் அவரும் ஏறிவிட்டார்.

சின்னாம்பதி ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து பாய்ந்து போய் மேசை முன்னால் நின்றார். மூன்று தடவை மணி அடிக்கட்டும் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். எடுத்தார்.

"வணக்கமுங்க! சின்னாம்பதி கயிறு சங்கமுங்க! ஹெட்கிளார்க் நாச்சிமுத்து பேசறனுங்க!" கூரை ஓடு அதிர்ந்தது.

பதில் இல்லை. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. நாச்சிமுத்துவின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. மச்சினனின் கால் அவர் கண் முன்னால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. "ஐயா, பேச மாட்டேங்கறாங்க..."

"கொண்டா இப்படி." தலைவர் ரிசீவரை வாங்கினார். "ஹலோ! நான் தலைவர் கதிர்வேல்சாமி பேசறேன். யாரு அது?" காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மறுமுனையில் சத்தமில்லை. தலைவர் போனைச் சோதிப்பதற்காகச் சங்கத்தின் வரலாறு முழுவதையும் சொன்னார். கயிற்றின் பெருமையைச் சொன்னார். பட்டினியாகக் கிளம்பி வந்ததையும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு தும்மல்கூட இல்லை.

மெல்ல மெல்லத் தலைவரின் முகம் மலர்ந்தது. ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"லைன் பிரமாதம்யா. என் ஆபீசுல இப்படி மரியாதை தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கறது எனக்கே தெரியாது. நான் பேசப் பேச, குறுக்கே ஒரு வார்த்தை பேசலை பாரு! ஆபீஸ் இங்கயே இருக்கட்டும், போ."

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். "அப்ப வெச்சரலாமுங்களாய்யா?"

"அதெப்படி? இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டவரு. அவரு வெக்காம நாம வெக்கறது நல்லாவா இருக்கும்?"

அதுவும் நியாயம்தானே. நான்கு பேரும் முறை வைத்துக்கொண்டு ரிசீவரைக் காதில் பிடித்தார்கள். தலைவர் கடைசி பஸ்ஸில் ஊர் திரும்பி, தன் அறைக்குப் போனார். மேசைமேல் ரிசீவர் சாய்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. லைனில் பேச்சு நடக்கிறது, நடுவில் புகுந்தால் மரியாதை இல்லை என்று அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.