சித்தர் கல்லேறிய மூன்றாம் நாள்

கோத்தகிரிக்கு மேலே ஓர் ஆசிரமம். அங்கே மாசிலாமணி சீடர். சீடருக்கு வயது அறுபத்து மூன்று, குருவுக்கு முப்பத்து நான்கு. முன்பிருந்த பெரியவர் போகும்போது யசோதரை என்ற அந்தப் பெண்ணைத்தான் தன் இடத்தில் உட்கார வைத்தார். மாசிலாமணிக்கு அதில் வருத்தமேதும் இல்லை. 'என் மகள் வயசு' என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார். வாய் நிறைய 'அம்மா' என்று கூப்பிடுவார்.

அவருக்குப் பெரியவர் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு நீர்ப்பல்லி. விரல் நீளம். கறுத்த முதுகு, குங்குமச் சிவப்பில் வயிறு. ஜப்பானிலிருந்து வந்த பக்தர் ஒருவர் இருபது வருடத்துக்கு முன் கொடுத்துவிட்டுப் போனது. மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்கும் என்பதால் பெரியவர் அதற்கு வைத்த பெயர் சித்தர்.

"இவர் இனி உன் பொறுப்பு" என்று சொல்லித்தான் பெரியவர் கண்ணை மூடினார்.

மாசிலாமணி முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். மார்கழிக் குளிர் இறங்கியதும், வயசான உடம்புக்கு ஆகாதே என்று தொட்டியைச் சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். போதாதென்று மேலே ஒரு பல்பும் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் சித்தர் தண்ணீரை விட்டு வெளியேறி, தொட்டி நடுவிலிருந்த கல்மேல் ஏறி உட்கார்ந்தார். மண்புழுவை மூக்கருகே ஆட்டினாலும் திரும்பவில்லை.

மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. நினைத்தபோதெல்லாம் சித்தரை உள்ளங்கையில் எடுத்தார். வயிற்றைப் பார்த்தார். தொண்டைத் துடிப்பை எண்ணினார். வாலை நீவினார்.

"அந்தப் பல்லிக்குப் பண்ற பணிவிடையில பாதி எனக்குப் பண்ணினா நான் நூறு வயசு இருப்பேன்" என்றாள் சமையல் செவ்வந்தி.

"நீ கல்லுமேல ஏறி உட்காரு, பண்றேன்."

மூன்றாம் நாள் அவர் குருவிடம் போனார். குரு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, சித்தர் சாப்பிடலை. நோயா, வயசா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"நாளைக்குச் சொல்றேன் ஐயா. கடலை வேணுமா?"

மறுநாள் காலை மாசிலாமணி தியானத்தில் இருந்தார். யாரோ அவர் இமையை விரலால் தூக்கினார்கள். பார்த்தால் குரு.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க உட்காருங்க."

குளிக்கப் போனார். கதவு தட்டப்பட்டது.

"ஐயா, உள்ள அசையறீங்களா?"

"அசையறேன்மா!"

உப்புமா வந்தது. குரு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தார்.

"ஏன் இடது பக்கமாவே மெல்றீங்க?"

"வலது பக்கம் பல்லு இல்லம்மா."

"நேத்து இருந்துச்சா?"

வெயிலில் போய் உட்கார்ந்தார். குரு கம்பளியோடு வந்தார். இன்னொரு கம்பளியோடும் வந்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வயிற்றை அமுக்கினார். மத்தியானம் தட்டில் சோறு விழுந்ததும் குருவின் முகம் மறுபடி எதிரே வந்தது. மாசிலாமணி தட்டைத் தள்ளிவிட்டு, விடுவிடுவென்று பின்பக்கம் போய், அங்கிருந்த பாறைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

குருவும் செவ்வந்தியும் பின்னாலேயே வந்தார்கள்.

"சோத்தைத் தொடவே இல்லம்மா" என்றாள் செவ்வந்தி. "கல்லுமேல ஏறிட்டாரு."

குரு முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டார். "நோயா, வயசா?"

செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாசிலாமணி வானத்தைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் வரும்வரை சிரித்தார்.

சமையலறையில் குரு தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது தண்ணியா, ரசமா?"

"குளிருமேன்னு..."

"யாருக்கு?"

பல்பை மாசிலாமணியே கழற்றினார். இருவருமாகத் தொட்டியைத் தூக்கிப்போய், வெயில் எட்டாத சாமான் அறை ஜன்னலோரம் வைத்து, சூடான தண்ணீரை எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். சித்தர் கல்மேலேயே இருந்தார்.

"காலையில ஒரு புழு போடுங்க. சாயங்காலம் இருக்கா, போச்சான்னு பாருங்க. கையில எடுக்காதீங்க" என்றார் குரு. தொட்டிக்கு முதுகு காட்டி ஒரு மணையைப் போட்டார். "இப்ப இங்க உட்காருங்க."

செவ்வந்தி ஒரு கூடைப் பட்டாணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் கொட்டினாள். குருவும் எதிரே உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார்.

மாசிலாமணியின் விரல்தான் உரித்தது. முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது.

"அம்மா."

"சொல்லுங்க."

"நான் பார்க்காத நேரம் அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பெரியவர் போனப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான். கையைப் பிடிச்சுக்கிட்டு."

"பார்த்துக்கிட்டா?"

"கண்ணைக்கூட இமைக்கலைம்மா."

குரு மாசிலாமணி பக்கமிருந்த பட்டாணியில் ஒரு கை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கொண்டார்.

பக்கத்தில் தோல் குவிந்துகொண்டே போனது. ஒரு பட்டாணியில் புழு இருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தார் மாசிலாமணி. அடுத்ததில் ஒன்பது மணி இருந்தன. குருவிடம் காட்டினார். குரு தன் கையிலிருந்ததைக் காட்டினார். அதில் பத்து.

"இதெல்லாம் அநியாயம்மா" என்று சொல்லிவிட்டு, பத்து மணிப் பட்டாணியைத் தேடிக் குவியலுக்குள் துழாவ ஆரம்பித்தார் மாசிலாமணி.

அப்போது பின்னால் 'சளக்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

துழாவிய கை நின்றது.

"அம்மா, தண்ணிக்குள்ள இறங்கிட்டாரு."

"பார்த்தீங்களா?"

"இல்லம்மா. கேட்டுச்சு."

"அப்ப உரிங்க" என்றார் குரு.