வாளி தூக்காத வருஷம்

எப்சிபா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வேலைதான் வரும். எங்கள் வேத பாட வகுப்பில் இது எல்லாருக்கும் தெரியும்.

ஒருமுறை நான், "பொறுமைன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டுத் தொலைத்தேன். சிக்கு விழுந்த நூல்கண்டு ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். பிரித்துக் கொடுத்ததும், "நல்லவேளை, வெள்ளை நூல் தீந்துபோச்சேன்னு நெனைச்சேன்" என்றார். பொறுமையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டீச்சருக்குத் தொழில் தையல். பாடகர் குழுவுக்கு அங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை. முன்பு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்ததால் டீச்சர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்திரண்டு. புதன்கிழமை நாலு மணிக்கு, துணி வெட்டுகிற மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் வேதாகமத்தோடு உட்காருவோம். ஆறு பேரும் அவரைவிட மூத்தவர்கள். நான் தபால்காரன், ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. எங்களில் பெரியவர் குணசீலன் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குப் பஜாரில் பாத்திரக்கடை இருந்தது. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள், பஜாருக்கு ஆள் வரத்து நின்றது. மூன்று வருஷம் இழுத்துப் பார்த்தார். போன பிப்ரவரியில் ஷட்டரை இறக்கினார். இப்போது ஒரு சிமெண்ட் கடையில் மூட்டை ஏற்றி விடுகிற வேலை. அவர் கடையில் சாமான் சுமந்த தங்கையாவும் அதே சிமெண்ட் கடையில்தான் இருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே முதலாளி.

இதுகூட அண்ணாச்சிக்குப் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஜூலை மாதம் வந்ததுதான் கஷ்டம்.

ஜூலையில் எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. கடைசி நாள் மதியம் அசனம் என்கிற பொது விருந்து. வளாகத்தில் பந்தல் போட்டு, சபை முழுவதும் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். டாக்டரும் உட்காருவார், மூட்டை தூக்குகிறவரும் உட்காருவார். சுடுசோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. மறைப்பானேன், அந்த ஒரு நாளுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன்.

பதினேழு வருஷமாக அசனத்து அரிசி முழுவதும் அண்ணாச்சி கொடுப்பது. முதல் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் இறங்குகிறவரும் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, "போடட்டுமா, இன்னும் போடட்டுமா" என்று அவர் வருவதைப் பார்த்தால் பசி இல்லாதவனுக்கும் பசிக்கும்.

அசனத்துக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் புதன்கிழமை அண்ணாச்சி வேதாகமத்தைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்க அண்ணாச்சி."

"கையில இல்லாத நேரம், விசுவாசத்துல கடன் வாங்கிக் கர்த்தருக்குக் கொடுக்கலாமா? கொடுத்தா அவரு திருப்பித் தருவாரா, மாட்டாரா?"

டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "எதை வச்சுக் கடன்?"

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் பிரித்தார். அவர் மனைவி ஜெயராணி அக்காவின் தாலிச் செயின். அந்த வீட்டில் மிச்சமிருந்த பொன் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கடையோடு போயிருந்தது.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தாலியக் கயித்துல கோத்துக் கட்டிக்கிட்டு, செயினக் கழத்திக் கொடுத்தா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"கஞ்சிய ஊத்தி வச்சிட்டு உள்ள போயிட்டா."

டீச்சர் செயினைப் பார்த்தார். தொடவில்லை.

"உள்ளதைச் சொல்லுதேன் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "நாலு மாசமா வீட்டுல சாப்பாட்டு ஜெபம் பண்ணல. கண்ண மூடுதேன். வார்த்தை வரமாட்டேங்கு. முன்னால நான் ஜெபிச்சு முடிக்கதுக்குள்ள சோறு ஆறிப்போச்சுன்னு பிள்ளையெல்லாம் சிரிக்கும். இப்ப கஞ்சியப் பாத்து என்னன்னு ஸ்தோத்திரம் சொல்ல? அசனத்து அரிசி மட்டும் நின்னுபோகாம இருந்துட்டா எல்லாம் பழையபடி வந்துரும்னு மனசு சொல்லுது. நாளைக்கு அடகுக்கடைக்குப் போகலாம்னு இருக்கேன்."

சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. கடை மூடின அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

டீச்சர் கேட்டார், "அசனத்துல பந்தி ஜெபம் யாரு பண்ணுவா?"

"குருவானவர்தான்."

"என்ன சொல்லி ஜெபிப்பாரு?"

"என்ன சொல்லுவாரு... இந்தச் சோத்துக்காக ஸ்தோத்திரம்னு..."

"அதுக்கு அப்புறம்?"

அண்ணாச்சி யோசித்தார். நாங்களும் யோசித்தோம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒரு குருவானவர் எழுதி வைத்த ஜெபம் அது. யார் மாறி வந்தாலும் அந்தத் தாளைத்தான் வாசிப்பார்கள். எனக்கும் ஒரு வரி ஞாபகம் இல்லை. அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டு குழம்பை நினைத்துக்கொண்டிருப்பேன்.

"தெரியலையே டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "அந்த நேரம் நான் சமையல் கொட்டகைல நிப்பேன். சோத்த அள்ளுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஆமென் மட்டும் கேக்கும். கேட்டதும் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடணும்லா."

"பதினேழு வருஷமும்?"

"பதினேழு வருஷமும்."

"இந்த வருஷம் பந்தியில உக்காந்து அதைக் கேட்டுட்டு வாங்க. அப்புறம் உங்க கேள்விக்குப் பதில் சொல்லுதேன்."

அண்ணாச்சிக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "அசனம் முடிஞ்ச பிறகு பதில் சொல்லி என்ன செய்ய? அடுத்த வியாழக்கிழமையே அரிசிய இறக்கணுமே."

"இறக்குங்க. நான் வேண்டாம்னு சொல்லலையே. ஜெபத்தைக் கேளுங்கன்னுதான் சொன்னேன்."

"அப்ப வாளி?"

"வேற யாராவது தூக்கட்டும்."

"அது எப்படி டீச்சர்? வாளிய வேற ஒருத்தன் தூக்குனா, அரிசி நான் கொடுத்ததுன்னு யாருக்கு..."

நிறுத்திவிட்டார். ஆனால் அதுவரை சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அவர் காதிலும்தான்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் ஆதியாகமத்தைப் புரட்டினேன். அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்ததோ வேதாகமத்தின் கடைசிப் பக்கம் இருக்கிற யாக்கோபு நிருபம். டீச்சர் குனிந்து தையல் மெஷினை மிதித்தார்.

அண்ணாச்சி செயினைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். அடகுக்கடைக்கா வீட்டுக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. ஆராதனை முடிவில் குருவானவர், இந்த வருஷம் அசனத்துக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார். காரணம் சொல்லவில்லை. அண்ணாச்சி சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய், "இந்த வருஷம் என்னால முடியல ஐயா" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியைச் சொல்வதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் வாசல் வேப்பமரத்தடியில் நின்றாராம். தபால் கொடுக்கப் போன இடத்தில் குருவானவர் வீட்டம்மா சொன்னது.

வீட்டுக்கு ஒரு படி வந்தது. புழுங்கல் வந்தது, பச்சரிசி வந்தது, பொன்னி வந்தது, ரேஷன் அரிசி வந்தது. ஜெயராணி அக்கா ரேஷன் அரிசிதான் கொண்டுவந்தார். ஒரு படி, தலை தட்டாமல் குவித்து அளந்தது. கழுத்தில் செயின் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே பாயில் கொட்டினதைப் பார்த்துச் சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது. என்னைய ஏசாதிய, சொல்லிட்டேன்" என்றார்.

அசனத்தன்று நல்ல வெயில். பந்தலுக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தாயிற்று. வளாகத்தின் கேட் பக்கம் அண்ணாச்சி நிற்பதைப் பார்த்தேன். உள்ளே ஒரு அடி வைப்பார், போனை எடுத்துப் பார்ப்பார், மறுபடி நிற்பார். அந்தப் போனில் யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவரை இடித்து நகர்த்தி ஓர் ஆள் உட்காரும் இடம் பண்ணினேன். அவர் வந்து உட்கார்ந்தார். சம்மணம் போடத் தெரியாதவர்போலக் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"இங்க இருந்து பாத்தா பந்தல் பெருசா இருக்கு" என்றார்.

"உக்காந்து பாத்தா அப்படித்தான் அண்ணாச்சி."

நாலு பேர் அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் காதோடு காதாக ஏதோ பேசினார்கள். அண்ணாச்சி இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். துடைத்த இலையை மறுபடி துடைத்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்தோம். குருவானவர் அந்தப் பழைய தாளை எடுத்து வாசித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் கேட்டேன்.

"ஆண்டவரே, இந்தச் சோற்றுக்காக உமக்கு ஸ்தோத்திரம். கொடுத்த கைகளை ஆசீர்வதியும். கொடுக்க மனதிருந்தும் கையில் ஒன்றுமில்லாமல், வெட்கப்பட்டு வீட்டிலே இருந்துவிடுகிறவர்களை நினைத்தருளும். அவர்களைக் கூட்டிவந்து இந்தப் பந்தியில் உட்காரவையும். எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு இடம் வைத்திருக்கிறோம். ஆமென்."

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். அண்ணாச்சி திறக்கவில்லை. அவர் இலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முதல் வாளியோடு வந்தது தங்கையா. எங்கள் இலை வரைக்கும் வேகமாக வந்தவன் அண்ணாச்சியைப் பார்த்ததும் நின்றுவிட்டான். வாளியைக் கீழே வைப்பதா, போடுவதா என்று தெரியாமல் முழித்தான்.

"மொதலாளி..."

"போடு தங்கையா."

போட்டான். கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது. அண்ணாச்சி அதையும் கூட்டி இலைக்குள் அள்ளி வைத்தார். சமையல்காரர் சொன்னது சரிதான், சோறு ஒரு பக்கம் குழைந்திருந்தது, ஒரு பக்கம் நறுக்கு நறுக்கென்று இருந்தது. அண்ணாச்சி வழித்துச் சாப்பிட்டார். தங்கையா அடுத்த சுற்று வந்தபோது அவரே இலையைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த புதன்கிழமை எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் ஒரு சின்ன அங்கிக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஜெபத்தைக் கேட்டியளா அண்ணாச்சி?"

அண்ணாச்சி முதல் வார்த்தையிலிருந்து ஆமென் வரைக்கும் ஒப்பித்தார். ஓர் எழுத்து பிசகவில்லை. டீச்சர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல?"

"இப்பவும் கஞ்சிதான். கடன்காரங்க இப்பவும் வாராங்க. ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் ஜெபம் பண்ணுனேன். ரெண்டு வரிதான். ஜெயராணி ஆமென்னு சத்தமாச் சொல்லிட்டு, சட்டுனு தண்ணி எடுக்க எந்திரிச்சுப் போயிட்டா."

டீச்சர் தலையாட்டினார். மறுபடி காலரை எடுத்தார். அண்ணாச்சி விடவில்லை. எத்தனை நஷ்டப்பட்டாலும் வியாபாரி வியாபாரிதானே.

"நீங்க பதில் சொல்லலையே டீச்சர். கேட்டுட்டு வந்தா சொல்லுதேன்னியளே. கர்த்தருக்குக் கொடுத்தத அவரு திருப்பித் தருவாரா?"

"அசனத்துல சோறு எப்படி இருந்துச்சு?"

"பாதி குழைஞ்சு, பாதி வேகாம. ஆனா நல்லா இருந்துச்சு. ரெண்டு தடவ வாங்குனேன். போதாததுக்குத் தங்கையா ஒரு தூக்குவாளியில வீட்டுக்கும் கொண்டாந்து கொடுத்துட்டுப் போனான்."

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டு, தூக்குவாளியிலயும் வாங்கி வச்சிட்டு, திருப்பித் தருவாரான்னு கேக்கியளே அண்ணாச்சி."