டெலிபோன் பாண்டி கோடு போட்டது

சந்தைமேடு என்பது இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசும் ஒரு தளம். அதில் இரண்டு கூடங்கள் உண்டு. கருவிக்கூடத்தில் செல்போன், டிவி, கம்ப்யூட்டர் பற்றிப் பேசுவார்கள். கொட்டகையில் சினிமாவும் பாட்டும். பேசுவார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டை போடுவார்கள்.

இரண்டு கூடத்துக்கும் நாட்டாமை ஒருவர்தான். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்து மூன்று. தூத்துக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் தளத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. கோவில்பட்டிக்காரர், சங்கரபாண்டியன். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் தளத்தில் டெலிபோன் பாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டார். அவரை யாரும் சீடராகச் சேர்க்கவில்லை, அவரே சேர்ந்துகொண்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறி டீச்சர் கடைக்கு வருவார். சந்தேகம் கேட்க வருவதாகச் சொல்வார். பதிலையும் கையோடு கொண்டுவருவார்.

சந்தைமேட்டில் ஒரே ஒரு சட்டம். எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பு என்று தெரிந்தால், எழுதியவரே அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே 'நான் சொன்னது தப்பு' என்று எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பாண்டி ஒரு கோடுகூடப் போட்டதில்லை. அவர் எழுதும் எல்லாப் பதிவுகளின் அடியிலும் 'ஆறு ஆண்டு, ஒரு கோடு இல்லை' என்ற வாசகம் தானாக வந்து நிற்கும்படி செய்து வைத்திருந்தார்.

அவருக்கு ஒரு எதிரி வாய்த்தார். பெயர் பனங்கிழங்கு. யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் சண்டை கொட்டகையில். ஒரு பழைய பாட்டின் நடுவில் எட்டு விநாடி வரும் ஓசை நாதஸ்வரமா, கீபோர்டா? பனங்கிழங்கு கீபோர்டு என்றார். பாண்டி நாதஸ்வரம் என்றார். பத்தொன்பது நாள் நடந்தது. பாண்டி வாயால் மட்டும் பேசுகிறவர் இல்லை. அந்த ஓசையை வாசித்தவரின் மகன் எட்டயபுரம் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்தார். ஒலிப்பதிவு நடந்த அன்று எடுத்த படத்தை வாங்கி வந்து போட்டார். மைக் முன்னால் மனிதர் நாதஸ்வரத்தோடு நிற்கிறார். பனங்கிழங்கு கோடு போட்டுவிட்டார்.

பாண்டி அந்தக் கோட்டைப் படம் பிடித்துத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டார். முருகன் இருந்த இடத்தில் இது என்ன என்று வீட்டம்மா கேட்டுப் பார்த்தார். பாண்டி எடுக்கவில்லை.

இரண்டாவது சண்டை கருவிக்கூடத்தில். போன் திணறினால் என்ன செய்வது என்று யாரோ கேட்க, பாண்டி எழுதினார். எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மெமரி கார்டில் இருக்கும் படங்கள் போகாது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

பனங்கிழங்கு வந்தார். கார்டு தனியாக இருந்தால் போகாது, சரி. சிலர் கார்டைப் போனின் சொந்த இடமாகவே சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்த கார்டுக்குப் பூட்டு உண்டு, சாவி போனுக்குள் இருக்கும். போனை அழித்தால் சாவியும் அழியும், அப்புறம் கார்டில் இருப்பதை எடுக்கவே முடியாது என்றார்.

நாற்பது போனுக்குச் செய்திருக்கிறேன், ஒரு படம் போனதில்லை என்றார் பாண்டி. நாதஸ்வரம் தெரியாதவருக்குச் சாவி மட்டும் தெரியுமோ என்றும் கேட்டார். அது பலருக்குப் பிடித்திருந்தது. இருபத்து மூன்று நாளில் நூற்று நாற்பது பதில்கள்.

இருபத்து நான்காம் நாள் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து டீச்சர் கடையைத் திறந்தபோது, பாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு வாதத்துல ஜெயிக்க வழி சொல்லணும்."

"எந்த வாதம்?"

"தெரியாத மாதிரி கேக்குதீங்க."

டீச்சர் கழற்றிப் போட்ட போன் ஒன்றைப் பிரஷ்ஷால் துடைக்க ஆரம்பித்தார். பாண்டி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர் அழித்துச் சரிசெய்த நாற்பது போன்களின் பட்டியல், ஆள் பெயரோடு. ஒன்று விடாமல் படித்தார். டீச்சர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"எம் போனும் ரெண்டு வாரமா திணறுது அண்ணாச்சி. நீங்க சொன்னபடியே செஞ்சிருதேன்."

தன் போனை எடுத்தார். பாண்டி பார்த்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு பக்கமாகத் தாண்டிப் போனார். கடைசிப் பக்கம் வந்தது. 'அனைத்தையும் அழி' என்று சிவப்பில் ஒரு கட்டம். டீச்சரின் கட்டைவிரல் அதன் மேல் போனது.

"இருங்க டீச்சர்."

விரல் நின்றது.

"கார்டைப் போனோட சேத்து வச்சிருக்கீங்களா, இல்ல தனியா இருக்கா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கேள்வி உங்க பதிவுல எங்க இருக்கு அண்ணாச்சி?"

பாண்டி பட்டியலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

எப்போதிருந்து தெரியும் என்று டீச்சர் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து என்றார் பாண்டி. பரணில் கிடந்த பழைய போனில் ஒரு கார்டைச் சேர்த்து, சோதனைக்கு இரண்டு படம் எடுத்து வைத்து, அழித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு படமும் போய்விட்டன.

"பொறவு ஏன் எழுதல?"

"வேற யாராச்சும் சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேன். பனங்கிழங்குல்ல சொல்லிட்டான்."

"அங்க எழுதாதத என்கிட்ட மட்டும் ஏன் கேட்டீங்க?"

பாண்டி கொஞ்சம் யோசித்தார். "நீங்க எதிர்ல இருக்கீங்க."

டீச்சர் அழிக்கும் பக்கத்தை மூடினார். பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளும் அந்தச் சண்டைத் திரியைத் திறந்து, தொண்ணூற்றாறாவது பதிலுக்குப் போய், போனை பாண்டியிடம் நீட்டினார்.

கோமதி என்று ஒரு பெண் வியாழக்கிழமை எழுதியது. 'போன் ரொம்பத் திணறுகிறது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் கார்டில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை. அழிக்கலாமா? யாராவது சொல்லுங்கள்.'

அடுத்த பதில் பாண்டியுடையது. பனங்கிழங்கைத் திட்டியிருந்தார். அதற்கடுத்தது பனங்கிழங்குடையது, பாண்டியைத் திட்டி. அப்படியே நாற்பதுக்கு மேல் போனது. பாண்டி அந்த இடத்தைக் குறைந்தது பத்துத் தடவை தாண்டியிருப்பார். பனங்கிழங்கு எங்கே என்று தேடிக்கொண்டு போனவருக்குக் கோமதி கண்ணில் படவில்லை.

"இன்னைக்குக் காலையிலதான் நானே பாத்தேன்" என்றார் டீச்சர். "பாத்ததும் செய்யாதீங்கன்னு எழுதினேன். அதுக்கு வந்த பதிலைப் பாருங்க."

பாண்டி கீழே போனார்.

'நன்றி டீச்சர். ஆனால் டெலிபோன் பாண்டி ஐயா செய்யலாம் என்கிறாரே. ஒரு பாட்டுக்காக மூன்று பஸ் மாறிப் போய் விசாரித்தவர். விசாரிக்காமல் சொல்ல மாட்டார். மதியம் சாப்பிட்டதும் வீட்டுக்காரர் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.'

சுவர்க்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு நாற்பது.

பாண்டி போனை டீச்சரிடமே திருப்பி நீட்டினார். "இந்தப் பிள்ளை நம்பர் இருக்கா?"

"இல்ல."

"நீங்கதானே நாட்டாமை. எம் பதிவுல நீங்களே கோடு போட்டிருக்கலாமே."

"நான் போட்டா பாண்டியை டீச்சர் அடக்கிட்டாங்கன்னு நாப்பது பதில் வரும். அதுக்குள்ள அவங்க சாப்பிட்டு முடிச்சிருவாங்க."

பாண்டி தன் போனை எடுத்து எழுத உட்கார்ந்தார். வேகமாகத்தான் எழுதினார். ஆனால் பதினோரு வரி வந்தது. 'சில அரிதான வகைப் போன்களில், சில குறிப்பிட்ட சூழ்நிலைகளில், முன்னர் நான் தெரிவித்த கருத்துக்குச் சிறிய விளக்கம் தேவைப்படலாம்' என்று ஆரம்பித்தது. நாற்பது போன்களும் உள்ளே வந்துவிட்டன. டீச்சரிடம் காட்டினார்.

"கோமதி இப்போ சோறு போட்டுக்கிட்டு இருப்பாங்க அண்ணாச்சி. இடுப்புல பிள்ளை இருக்கும். ஒரு கையிலதான் போனு."

பாண்டி பதினோரு வரியையும் அழித்தார். அழிக்கிற அவசரத்தில் கைபட்டுத் தளமே மூடிக்கொண்டது. போனின் முகப்பு வந்தது. அதில் பனங்கிழங்கின் கோடு.

தினமும் பார்க்கிற படம். அன்றுதான் அதில் இரண்டு பதிவுகளுக்கும் பக்கத்திலிருந்த நேரத்தைப் பார்த்தார். பாண்டி நாதஸ்வரப் படத்தைப் போட்டது ஐந்து பன்னிரண்டுக்கு. பனங்கிழங்கு கோடு போட்டது ஐந்து பதினாறுக்கு. நாலே நிமிடம்.

"எனக்கு இருவத்தோரு நாள்" என்று முணுமுணுத்தார் பாண்டி.

மறுபடி தளத்தைத் திறந்தார். தன் பழைய பதிவுக்குப் போய், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கோடு போட்டார். கீழே எழுதினார்.

'கோமதி, செய்யாதீங்க. நான் சொன்னது தப்பு.'

அதன் அடியில் வழக்கம் போல 'ஆறு ஆண்டு, ஒரு கோடு இல்லை' என்ற வாசகம் தானாக வந்து நின்றது. பாண்டி அதைப் பார்த்தார். டீச்சரும் பார்த்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பாண்டியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்.

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. காத்திருக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்று ஐந்து. டீச்சர் டீ வாங்கி வந்து கொடுத்தார். பாண்டி கையில் வைத்துக்கொண்டே இருந்ததில் அது ஆறிப்போனது.

"நான் தடுக்காம இருந்திருந்தா, உங்க போனை அழிச்சிருப்பீங்களா டீச்சர்?"

"தடுப்பீங்கன்னு தெரியும்."

ஒன்று பத்துக்குத் திரியில் ஒரு பதில் வந்தது. கோமதி இல்லை, பனங்கிழங்கு. பாண்டி போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டார். அவரே பனங்கிழங்காக இருந்தால் இந்த நேரத்தில் என்ன எழுதியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். நாதஸ்வரம், சாவி என்று அவர் செய்த கேலி எல்லாம் அவர் மேலேயே திரும்பி வரும்.

"நீங்களே படிங்க டீச்சர்."

டீச்சர் படித்தார். "கோமதி, ஐயா சொல்வதைக் கேளுங்கள். போனையும் அழிக்க வேண்டாம், கார்டையும் கழற்ற வேண்டாம். முதலில் படங்களை எல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். நீங்கள் வியாழக்கிழமை கேட்டதை நானும் கவனிக்கவில்லை, மன்னியுங்கள்."

"ஐயான்னா போட்டிருக்கான்?"

"ஐயான்னுதான் இருக்கு."

பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. டீயின் ஆவி என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, டீ ஆறி வெகு நேரம் ஆகியிருந்தது.

ஒன்று இருபத்தைந்துக்குக் கோமதி எழுதினாள். வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்துவிட்டாராம். எதற்கும் பாண்டி ஐயா எழுதியதை இன்னொரு தடவை படித்துக்காட்டு என்று கேட்டாராம். படிக்கப் போனால் அதில் கோடு. கார்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்களாம், போனோடு சேர்த்துத்தான் இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்கள் இப்போது ஏறிக்கொண்டிருக்கின்றன என்று முடித்திருந்தாள். அப்படி ஏறியதில் ஒரு படத்தையும் போட்டிருந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மூக்கிலும் நெற்றியிலும் பருப்புச் சோறோடு உட்கார்ந்திருக்கிறது.

பாண்டி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கோவில்பட்டி பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது. எழுந்து செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"டீச்சர், கடைசியில இந்த வாதத்துல ஜெயிச்சது யாரு? பனங்கிழங்குதானே?"

டீச்சர் மறுபடி பிரஷ்ஷைக் கையில் எடுத்திருந்தார்.

"படத்துல சோத்தைப் பூசிக்கிட்டு உக்காந்திருக்கே, அதுதான் அண்ணாச்சி. இப்படி ஒரு வாதம் நடந்ததே அதுக்குத் தெரியாது."